அடி வாங்கிய அடுத்த ஐந்து நொடி: ஜார்ஜ் செயின்ட் பியரின் இரண்டு இரவுகள்

மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ் (எம்எம்ஏ; குத்து, உதை, மல்யுத்தம், தரைப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) பயிற்சி என்றதும் பலரும் கூட்டல் கணக்குதான் போடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் பாக்ஸிங், இரண்டு நாள் மல்யுத்தம், மீதி நாளில் ஜூஜிட்ஸு என்ற தரைப் பிடிச் சண்டை, காலையில் ஓட்டம். எல்லாவற்றிலும் தேறிவிட்டால் ஆள் தயார். இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்க்க, கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியரை விடத் தோதான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் எல்லாவற்றிலும் தேறியவர். அப்படியிருந்தும் 2007-ல் அவரை ஒரு மேட் செர்ரா முதல் ரவுண்டிலேயே சாய்த்துவிட்டார்.

ஜிஎஸ்பி என்று ரசிகர்கள் அழைக்கும் இவரது கணக்கு 26 வெற்றி, 2 தோல்வி. தோற்கடித்த இருவரையும் பிறகு அவர் திருப்பி வென்றுவிட்டார். வெற்றிப் பட்டியலை எல்லோரும் பேசியாகிவிட்டது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது இரண்டே இரவுகளை. 2007 ஏப்ரல் 7, ஹூஸ்டன். 2012 நவம்பர் 17, மான்ட்ரியல். இரண்டிலும் அவர் தலையில் பலத்த அடி வாங்கித் தடுமாறினார். முதல் இரவில் அவர் வைத்திருந்த சாம்பியன் பட்டம் போனது. இரண்டாவது இரவில் பட்டம் கையிலேயே இருந்தது. நடுவில் உள்ள ஐந்தரை ஆண்டுகளில் பயிற்சிக்கூடத்தில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி.

ஹூஸ்டனுக்கு முன்

செயின்ட் பியர் 1981-ல் கியூபெக் மாகாணத்தின் செயின்ட் இசிடோர் என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடி வாங்கியவர். அதற்காகவே கியோகுஷின் கராத்தே கற்றுக்கொண்டார். வாலிப வயதில் குப்பை வண்டியில் வேலை பார்த்தார், பாரில் பவுன்சராக நின்றார். கையில் காசு சேர்ந்தால் மான்ட்ரியலிலிருந்து பஸ் ஏறி நியூயார்க் போவார். அங்கே ரென்ஸோ கிரேஸியின் ஜூஜிட்ஸு பள்ளி. அங்குதான் ஜான் டனஹர் என்ற பயிற்சியாளரின் பழக்கம் கிடைத்தது.

மல்யுத்தம் வந்த வழிதான் விசேஷம். அமெரிக்க வீரர்கள் பலர் பள்ளிக்கூடத்திலேயே பாயில் இறங்கி, கல்லூரிப் போட்டிகளில் பதக்கம் வாங்கிவிட்டு எம்எம்ஏ பக்கம் வருவார்கள். செயின்ட் பியர் பள்ளியிலும் மல்யுத்தம் ஆடியதில்லை, கல்லூரியிலும் ஆடியதில்லை. வளர்ந்த பிறகு, விக்டர் ஜில்பர்மன் நடத்திய மான்ட்ரியல் மல்யுத்தக் கழகத்துக்குப் போய், கனடாவின் தேசிய அணி அளவிலான ஆட்களிடம் விழுந்து விழுந்து கற்றார். பின்னாளில் மல்யுத்தத்தில் பேர் போனவர்களை எல்லாம் அவர் தரையில் கிடத்தினார் என்பதை நினைத்தால் இது சாதாரண விஷயம் இல்லை.

2004-ல் முதல் பட்டப் போட்டி, மேட் ஹியூஸுக்கு எதிராக. ஹியூஸ் அவருக்கு ஆதர்சம். அவர் கண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது என்று பின்னால் சொன்னார். முதல் ரவுண்டு முடிய ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது ஆர்ம்பாரில் (கையை நீட்டி முழங்கையை முறிக்கும் பிடி) மாட்டித் தோற்றார். 2006 நவம்பரில் அதே ஹியூஸைத் தலையில் உதைத்து வீழ்த்திப் பட்டத்தைப் பிடித்தார். வயது 25. அடுத்த பத்தாண்டு இவர் கையில்தான் என்று எல்லோரும் எழுதினார்கள்.

ஹூஸ்டன், 2007

அவருடைய முதல் பட்டக் காப்புப் போட்டிக்கு எதிராளியாக வந்தவர் மேட் செர்ரா. குட்டையான உடல்வாகு, அதற்கு முன் பெரும்பாலும் ஒரு எடைப் பிரிவு கீழே ஆடியவர். 'தி அல்டிமேட் ஃபைட்டர்' தொலைக்காட்சித் தொடரின் நான்காவது பருவத்தை வென்றதால் பட்டப் போட்டி வாய்ப்பு கிடைத்தது. ரென்ஸோ கிரேஸியிடம் கறுப்பு பெல்ட் வாங்கிய முதல் அமெரிக்கர் அவர்தான். ஆபத்து வந்தால் தரையில்தான் வரும், நின்று அடித்தால் செயின்ட் பியருக்குக் கவலையில்லை என்பதுதான் பந்தயக்காரர்கள் முதல் வர்ணனையாளர்கள் வரை எல்லோருடைய கணிப்பும்.

செர்ரா அந்தக் கணிப்பைப் பொருட்படுத்தவில்லை. தரைக்குப் போக முயலாமல் முன்னால் நடந்து வந்து வலது கையைச் சுழற்றினார். அதில் ஒன்று செயின்ட் பியரின் காதுக்குப் பின்பக்கம் பட்டது. பார்ப்பதற்குப் பெரிய அடியே இல்லை. ஆனால் 4 அவுன்ஸ் கையுறையில் அந்த இடத்தில் பட்டால் உடலின் சமநிலை போய்விடும். புத்தி தெளிவாக இருக்கும், கால்கள் மட்டும் பேச்சைக் கேட்காது.

வீடியோவில் இந்த இடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கால் இடறுகிறது. எதிராளி பாய்ந்து வருகிறார். அந்த நேரத்தில் செயின்ட் பியர் முன் மூன்று வழிகள் இருந்தன. எதிராளியின் இடுப்பைக் கட்டிப்பிடித்து கிளின்ச்சில் தொங்கலாம். மல்லாக்கப் படுத்து கார்டுக்குள் (தன் இரண்டு கால்களுக்கு நடுவே) அவரை இழுத்து, கைகளைப் பூட்டி, தலை தெளியும்வரை நேரம் கடத்தலாம். இல்லாவிட்டால் கூண்டை ஒட்டி நகர்ந்து இடைவெளி உண்டாக்கலாம். அவர் மூன்றையும் செய்யவில்லை. ஆடும் கால்களோடு எழுந்து நின்று பதிலுக்குக் குத்தினார். மறுபடி அடி, மறுபடி தடுமாற்றம், மறுபடி நின்று அடிக்கும் முயற்சி. கடைசியில் கீழே விழுந்தார், மேலே செர்ரா. முதல் ரவுண்டில் 3 நிமிடம் 25 நொடியில் ஆட்டம் முடிந்தது.

ரோஷத்தில் செய்த தப்பு என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மைதான். இன்னொரு பாதியைப் பயிற்சிக்கூடத்தில் தேட வேண்டும். கிக்பாக்ஸிங் வகுப்பில் அடி வாங்கினால் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? கையை உயர்த்து, பதிலடி கொடு. மல்யுத்த வகுப்பில் யாரும் முகத்தில் குத்துவதில்லை. ஜூஜிட்ஸு வகுப்பில் ஆட்டமே உட்கார்ந்த நிலையில் அல்லது முட்டி போட்ட நிலையில் தொடங்கும். நின்றபடி அடி வாங்கி, கால் தளர்ந்து, அங்கிருந்து பாதுகாப்பாகத் தரைக்குப் போவது இந்த மூன்று வகுப்பின் பாடத்திட்டத்திலும் இல்லை. மூன்று திறமைகளையும் தனித்தனியாக உச்சத்துக்குக் கொண்டுபோன ஒருவருக்கு, அந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில் பழக்கம் இல்லாமல் இருந்தது. பழக்கம் இல்லாத இடத்தில் உடம்பு மிகப் பழைய பழக்கத்தைத் தேடிப் போகும். அவருக்கு அது சிறுவயதுக் கராத்தே: நின்று அடி.

எம்எம்ஏ வீரனின் அடிப்படைத் திறமை எது என்று என்னைக் கேட்டால், இந்த மாறும் இடங்களைத்தான் சொல்வேன். குத்திலிருந்து பிடிக்கு, பிடியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மறுபடி எழுந்து நிற்பதற்கு. அதிலும், நாம் நினைத்தபடி நடக்காமல் எதிராளி நம்மைத் தள்ளிவிடும் மாற்றங்கள்தான் முக்கியம்.

என்ன மாறியது

தோல்விக்குப் பிறகு அவரைச் சுற்றியிருந்த அமைப்பே மாறியது. மான்ட்ரியலின் டிரைஸ்டார் ஜிம்மில் ஃபிராஸ் ஸஹாபி தலைமைப் பயிற்சியாளராக எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தார். நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் கிரெக் ஜாக்சனிடம் வியூகம். நியூயார்க்கில் டனஹரிடம் தரைச் சண்டை, ஃபில் நர்ஸிடம் முய் தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டை. மான்ட்ரியலில் பழைய மல்யுத்தக் கழகம், ஜொனாதன் ஷேம்பர்கிடம் உடல்வலுப் பயிற்சி. ஜிம்னாஸ்டிக்ஸ் கொஞ்சம் பின்னால் வந்தது. பாக்ஸிங்குக்கு ஃப்ரெடி ரோச்சும் வந்தார்.

பெயர்களைப் பார்த்தால், பழைய கூட்டல் கணக்கு இன்னும் நீண்டுவிட்டதோ என்று தோன்றும். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், ஆட்டங்களைப் பார்க்காமல் இருந்திருந்தால். வேறுபாடு, ஒவ்வொரு ஆசிரியரிடமும் கற்றதை ஒரே இடத்தில் கொண்டுவந்து பொருத்த ஒரு ஆள் இருந்தார் என்பதுதான். ஸஹாபியின் அணுகுமுறை பற்றி அவரே பலமுறை விளக்கியிருக்கிறார்: தினமும் உயிரை விடும் அளவுக்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யாதே, நாளைக்கும் வந்து பயிற்சி செய்யும் அளவுக்கு இன்று செய், ஆண்டு முழுவதும் சேரும் மணிநேரம்தான் திறமை. நம்மூரில் இன்றும் மூக்கில் ரத்தம் வந்தால்தான் ஸ்பாரிங் என்று நினைக்கும் கூடங்கள் இருக்கின்றன. அங்கே இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அப்புறம் மனது. தோல்வியைச் சுமந்துகொண்டே திரிந்தவரிடம் அவருடைய மனப்பயிற்சியாளர் ஒரு செங்கல்லைக் கொடுத்து, அதில் செர்ராவின் பெயரை எழுதி, சுமந்து திரிந்தது போதும் என்று ஆற்றில் எறியச் சொன்னார். எறிந்தார். கேட்கச் சினிமாத்தனமாக இருக்கிறது, அவருக்கு வேலை செய்தது. இதற்கு மேல் அந்தச் செங்கல்லுக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

ஜாபும் டபுள் லெக்கும்

மாற்றத்தின் முதல் சோதனை 2007 ஆகஸ்டில். எதிரில் ஜாஷ் காஸ்செக், 2001-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் முதல் பிரிவில் தேசிய சாம்பியன். அந்தக் காஸ்செக்கை, கல்லூரிப் பாயையே மிதிக்காத செயின்ட் பியர் டேக்டவுன் செய்தார், அதாவது பிடித்துத் தரையில் கிடத்தினார். டிசம்பரில் செர்ரா முதுகுக் காயத்தால் விலக, அந்த இடத்தில் குறுகிய அவகாசத்தில் இறங்கி ஹியூஸை வென்று இடைக்காலப் பட்டம் எடுத்தார். முடித்தது ஆர்ம்பாரில், 2004-ல் ஹியூஸ் அவரை முடித்த அதே பிடி.

சாம்பியன் மல்யுத்த வீரர்களை இவரால் எப்படிக் கீழே போட முடிந்தது? தூய மல்யுத்தத்தில் அவர் அவர்களை விடச் சிறந்தவர் என்று சொல்ல முடியாது. ரகசியம் நுழையும் விதத்தில் இருக்கிறது.

அவருடைய ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) கிளம்பும்போது முன்கால் ஒரு அடி முன்னே போகும், உடல் லேசாகத் தாழும், இடது கை நீளும். டபுள் லெக் டேக்டவுன் (இரண்டு கால்களையும் பிடித்துக் கிடத்துவது) கிளம்பும்போதும் அதே முன்கால், அதே தாழ்வு. முதல் கால் நொடியில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எதிராளி முகத்தைக் காக்கக் கையை உயர்த்தினால் இடுப்பு திறந்துவிடும். செயின்ட் பியரின் தோள் அவர் வயிற்றில் இருக்கும், இரண்டு கைகளும் முழங்காலுக்குப் பின்னால் பூட்டியிருக்கும். டேக்டவுனுக்குப் பயந்து இடுப்பைப் பின்னே இழுத்துக் கையைத் தாழ்த்தினால் ஜாப் நேராக மூக்கில். இரண்டு மூன்று முறை தரையைப் பார்த்துவிட்ட எதிராளி அதன் பிறகு எந்தத் தாழ்வைக் கண்டாலும் விறைத்துப்போவார். விறைத்த உடம்பால் அடிக்க முடியாது.

2008 ஏப்ரலில் மான்ட்ரியலில் செர்ராவுடன் மறு ஆட்டம். மணி அடித்த கொஞ்ச நேரத்திலேயே டேக்டவுன். எழுந்தால் ஜாப், ஜாபைத் தடுத்தால் டேக்டவுன். இரண்டாவது ரவுண்டின் கடைசியில் செர்ரா ஆமை போலக் கவிழ்ந்து சுருண்டிருக்க, விலாவில் முழங்கால் அடிகள். கீழே கிடப்பவரின் தலையில் முழங்காலால் அடிப்பது விதிமீறல் என்பதால் குறி முழுக்க விலாவிலேயே. 4 நிமிடம் 45 நொடியில் நடுவர் நிறுத்தினார்.

2010 டிசம்பரில் மறுபடி காஸ்செக். இந்த ஆட்டத்தைத் தனியாகப் பார்க்கலாம். பெரும்பாலும் நின்றபடியே, 25 நிமிடமும் ஜாப். இடது காலை முன்னே வைத்து நிற்பவரின் இடது ஜாப் எதிராளியின் வலது கண் பக்கம் இறங்கும்; முதல் ரவுண்டிலேயே காஸ்செக்கின் வலது கண் வீங்கத் தொடங்கி, போகப் போக மூடிப்போனது. கண்குழி எலும்பு உடைந்திருந்தது. புள்ளி போடும் மூன்று நடுவர்களும் 50-45, அதாவது ஐந்து ரவுண்டும் செயின்ட் பியருக்கே. ஒரே ஒரு குத்து எப்படி இவ்வளவு நேரம் வேலை செய்யும்? மூன்று ஆண்டுக்கு முன்பு தரையில் கிடந்த நினைவு காஸ்செக்கின் இடுப்பில் இன்னும் இருந்தது என்பது என் கணிப்பு.

2009 ஜனவரியில் பி.ஜே. பென்னோடு நடந்த ஆட்டத்திலும் இதே சிந்தனைதான், வேறு வடிவத்தில். பென்னின் தோள்கள் களைத்தால் அவருடைய பாக்ஸிங்கும் போகும், டேக்டவுன் தடுப்பும் போகும் என்று கணக்குப் போட்டு, ஆரம்பத்தில் கூண்டில் சாய்த்து கிளின்ச்சிலேயே எடையைச் சுமக்க வைத்தார்கள். நான்காவது ரவுண்டுக்குப் பிறகு பென்னின் தரப்பே ஆட்டத்தை நிறுத்தியது. அந்த இரவில் செயின்ட் பியரின் உடலில் வாஸலின் தடவப்பட்டது என்ற புகார் எழுந்ததையும் சொல்லியாக வேண்டும். போட்டியை மேற்பார்க்கும் நெவாடா மாநில ஆணையம் விசாரித்தது, தண்டனை எதுவும் வரவில்லை, ஆனால் பென்னின் ரசிகர்கள் இன்றுவரை விடவில்லை.

மான்ட்ரியல், 2012

2011 டிசம்பரில் பயிற்சியின்போது வலது முழங்காலின் ஏசிஎல் என்ற இணைப்புநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை, நீண்ட ஓய்வு. ஒன்றரை ஆண்டுக்கு மேல் கூண்டுக்குள் கால் வைக்காமல், 2012 நவம்பரில் மான்ட்ரியல் பெல் சென்டரில் கார்லோஸ் காண்டிட்டைச் சந்தித்தார். முதல் இரண்டு ரவுண்டு செயின்ட் பியர் பக்கம்.

மூன்றாவது ரவுண்டில் காண்டிட்டின் இடது கால் அவர் தலையில் விழுந்தது. செர்ராவின் குத்தை விடப் பலமான அடி. செயின்ட் பியர் அப்படியே மல்லாந்தார். காண்டிட் மேலே பாய்ந்து குத்தவும் முழங்கையால் இடிக்கவும் தொடங்கினார். இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை காலை. பார்த்துக்கொண்டிருந்த பலரும் ஹூஸ்டன் மறுபடி வந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

அவர் எழுந்து நிற்க முயலவில்லை. கால்களை உடனே எதிராளியின் இடுப்புக்கும் தோளுக்கும் எதிராக வைத்தார். குத்து வந்த பக்கம் கையைக் குறுக்கே கொடுத்தார். நெருங்கி வந்தால் கழுத்தை அணைத்து இழுத்து, கையை ஓங்க இடமில்லாமல் செய்தார். விலகினால் கீழிருந்து உதைத்து தூரத்தை வைத்துக்கொண்டார். அடிகள் விழாமல் இல்லை, விழுந்தன. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. தலை தெளிந்த பிறகுதான் எழுந்தார். எழுந்தவர், அதே ரவுண்டு முடிவதற்குள் காண்டிட்டை டேக்டவுனும் செய்தார். ஐந்து ரவுண்டு முடிவில் ஒருமனதான தீர்ப்பு: 49-46, 50-45, 50-45. அதாவது இரண்டு நடுவர்கள் அந்த மூன்றாவது ரவுண்டையே அவருக்குக் கொடுத்தார்கள்! எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அது காண்டிட்டின் ரவுண்டு.

ஹூஸ்டனில் தாடையும் தைரியமும் குறைவாக இருந்து, மான்ட்ரியலில் கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 31 வயதில், முழங்கால் அறுவைக்குப் பின், உடல் 2007-ஐ விட நல்ல நிலையில் இருந்திருக்கவும் வாய்ப்பில்லை. மாறியது அந்த ஐந்து நொடியில் உடம்பு தேடிப் போன பழக்கம்.

இதைக் கூடத்தில் எப்படிப் பழக்குவது

இப்போது நல்ல ஜிம்களில் பரவலாக இருக்கும் சில முறைகள் இதற்காகவே உருவானவை. ரவுண்டை நடுநிலையில் தொடங்காமல் மோசமான நிலையில் தொடங்குவது அதில் முதலாவது: முதுகு கூண்டில், எதிராளியின் இரண்டு கைகளும் நம் அக்குளுக்குள், அல்லது நம் நெஞ்சின்மேல் அவர் உட்கார்ந்திருக்கும் மவுண்ட். ஒரு நிமிடம் கொடுத்து, வெளியே வந்தால் நீ ஜெயித்தாய் என்பார்கள். இன்னொன்று, ஒரே ஆளை நடுவில் நிறுத்தி, நிமிடத்துக்கொரு புதிய ஆளை உள்ளே அனுப்புவது. மூச்சு வாங்கிக் கால் தளர்ந்த நிலையில் முடிவெடுக்கப் பழகுவதற்கு, தலையில் உண்மையாகவே அடி வாங்க வேண்டிய தேவையில்லை. மூச்சை வாங்க வைத்தால் போதும். பேட் பிடிப்பவர் குத்துகளின் நடுவே திடீரென்று தோளைப் பிடித்துத் தள்ளுவதும், உடனே கிளின்ச் பிடிக்கச் சொல்வதும் இதே வகை.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. பாய் இருந்தால் போதும், சுவர் இருந்தால் கூண்டும் ஆயிற்று. ஆனால் செயின்ட் பியரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வது அவருடைய ஜிம்னாஸ்டிக்ஸ் வீடியோவைத்தான். வளையத்தில் தொங்குவார்கள், பின்பக்கம் குட்டிக்கரணம் போடுவார்கள். அவரே அதை மற்ற எல்லாவற்றையும் கட்டிமுடித்த பிறகு சேர்த்துக்கொண்டார் என்பதைக் கவனிப்பதில்லை. ஸ்ப்ரால் (காலைப் பிடிக்க வருபவரைத் தடுக்க இடுப்பைப் பின்னே தள்ளிக் கவிழ்வது) ஒழுங்காக வராத பையனுக்கு வளையம் எதற்கு? வாரத்தில் மூன்று மாலை மட்டும் நேரம் கிடைக்கும் ஒருவர், அதில் ஒரு மாலையை முழுக்க மோசமான நிலைகளிலிருந்து தொடங்கும் ரவுண்டுகளுக்கு விட்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

இந்த வழிக்கு ஒரு விலையும் இருந்தது

பென்னுக்குப் பிறகு ஆல்வெஸ், ஹார்டி, காஸ்செக், ஷீல்ட்ஸ், காண்டிட், நிக் டயஸ், ஹென்ட்ரிக்ஸ் என்று ஏழு ஆட்டங்கள். ஏழும் 25 நிமிடம் ஓடி நடுவர்களின் புள்ளியில் முடிந்தவை. ஆபத்தான இடத்துக்கே போகாமல் ஆடுவது என்ற பாடத்தை அவர் தேவைக்கு மேல் படித்துவிட்டார் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அரங்கில் சில நேரம் கூச்சலும் எழுந்தது. இதில் நியாயம் உண்டு. தரையில் மேலே இருக்கும்போது முடிக்கும் வாய்ப்பைத் தேடாமல் நிலையைத் தக்கவைப்பதிலேயே நேரம் போன ரவுண்டுகள் பல. 2013 நவம்பரில் ஜானி ஹென்ட்ரிக்ஸோடு நடந்த ஆட்டத்தில் அது கிட்டத்தட்ட பட்டத்தையே காவு கேட்டது. பிளவுத் தீர்ப்பில் வென்றார், உண்மையில் தோற்றவர் செயின்ட் பியர்தான் என்று இன்றும் பலர் வாதாடுகிறார்கள். அடுத்த மாதமே பட்டத்தைத் துறந்து ஒதுங்கினார்.

நான்கு ஆண்டு கழித்து, 2017 நவம்பரில், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு எடைப் பிரிவு மேலே போய் மைக்கேல் பிஸ்பிங்கைச் சந்தித்தார். கீழிருந்து பிஸ்பிங் இடித்த முழங்கையால் முகம் கிழிந்து ரத்தம் கொட்டியது. மூன்றாவது ரவுண்டில் இடது ஹூக்கில் பிஸ்பிங் விழ, செயின்ட் பியர் உடனே மேலே போய் முழங்கையால் இடித்து, அவர் திரும்பிய இடைவெளியில் முதுகைப் பிடித்துக் கழுத்தை நெரித்தார். பிஸ்பிங் தட்டாமலேயே மயங்கினார். குத்து, தரை, நெரிப்பு மூன்றுக்கும் நடுவில் மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை.

அந்த ஆட்டத்துக்காக 84 கிலோ பிரிவுக்கு ஏற்றபடி உடம்பை வளர்க்க, பசியில்லாமலேயே வற்புறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயிறு ஒத்துழைக்கவில்லை. ஆட்டத்துக்குப் பிறகு பெருங்குடல் புண் நோய் என்று தெரியவந்தது, டிசம்பர் முதல் வாரத்திலேயே பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. 2019 பிப்ரவரியில், மான்ட்ரியலிலேயே, ஓய்வை அறிவித்தார்.